எறிந்த வளையங்கள்

காகிதத்தில் உலர்ந்த ரத்தப் பொட்டு.
மூன்று மில்லிமீட்டர் துளைத்தெடுக்கிறேன்.
அட்டையில் தாயின் பெயர் மட்டும்:
கனகவேணியின் பிள்ளை, ஆண், பதினொரு நாள்.
குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நாலாம் மாடி ஜன்னலுக்கு அப்பால்
பினாங்குக் கொடிமலை மழைக்குள் போய்விட்டது.

என்ன வேலை பார்க்கிறாய் என்று
பட்டர்வொர்த் அண்ணி கேட்டால் சொல்வேன்:
குப்பை எண்ணுகிறேன், அண்ணி.
அவர் நம்பமாட்டார்.

எலும்பு மஜ்ஜைக்குள் ஒரு கத்தி,
இரண்டு புரதங்கள் சேர்ந்து பிடிக்கும் கத்தி.
வெட்டுமிடத்துக்கு அடையாளம் உண்டு:
ஏழெழுத்து, ஓர் இடைவெளி, ஒன்பதெழுத்து.
இந்தப் பக்க இடைவெளி பன்னிரண்டு என்றால்
அந்தப் பக்கம் இருபத்துமூன்று இருக்கவேண்டும்.
பன்னிரண்டும் பன்னிரண்டும் சேராது.
வரிசையில் கிடக்கும் நாற்பது ஐம்பது துண்டுகளில்
எதோ ஒன்றைப் பிடித்து
தொலைவில் கிடப்பதை இழுத்து
நடுவிலுள்ளதை வளைத்து,
சக்.

ஐந்தாம் படிவத்தில் புணர்ச்சி படித்தேன்.
தோன்றல், திரிதல், கெடுதல்.
பரீட்சை முடிந்தால் மறந்துவிடும் என்றார்கள்.
மஜ்ஜை மறக்க விடவில்லை.
வெட்டுவாயில் இல்லாத எழுத்து தோன்றும்,
இருந்த எழுத்து கெடும்.
ஆனால் நன்றாகப் படித்த பிள்ளையல்ல அது.
மரமும் வேரும் சேர்ந்தால் எனக்கு எப்போதும் மரவேர்.
அதற்கு ஓர் உயிரணுவில் மரவேர்,
ஒன்றில் மரங்கவேர்,
ஒன்றில் மவே,
ஒன்றில் வாய்க்கு வராத ஏதோ.
மூன்றுக்கு இரண்டு தப்பு.
தப்பானது சாகும்.
தப்பாததிலிருந்து எதிர்ப்பொருள் பிறக்கும்:
கேள்வித்தாள் வருமுன்னே
எழுதி வைத்த பதில்.

வெட்டியெறிந்த நடுத்துண்டோ
தன் இரு முனைகளைத் தானே ஒட்டிக்கொள்ளும்,
ஓர் எழுத்து கூடாமல், குறையாமல்.
வேண்டாததற்குத்தான் அவ்வளவு சுத்தம்.
வளையமாய்ச் சும்மா கிடக்கும்.
உயிரணு இரண்டானாலும் வளையம் இரண்டாகாது,
ஒரு மகளோடு மட்டும் போகும்.

அதைத்தான் எண்ணுகிறேன்.
மெக்காலிஸ்டர் சாலையில் விடிகாலை
டுரியான் தோல் குவியலைப் பார்த்தால்
ராத்திரி வியாபாரம் தெரியுமே, அப்படி.

இன்று முப்பத்தொரு பிள்ளைகள்.
முப்பது கோடுகள் திரையில் ஏறின.
ஒன்று தரையோடு படுத்திருந்தது.

ரத்தம் இருக்கிறது,
ஒப்புக்கு வைத்த மரபணு ஒழுங்காக ஏறியது.
எந்திரத்தைக் குறைசொல்ல வழியில்லை.
மறுபடி துளைத்தேன், மறுபடி ஓட்டினேன்.
இரண்டு வகை வளையமும் சுழி.
தோலே இல்லை.
கடை திறக்கவேயில்லை.

ஹஸ்லிண்டா தே ஓ கொண்டுவந்து வைத்தாள்.
திரையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் கூ தொலைபேசியில் முதலில் கேட்டது:
"பிசிஜி போட்டாச்சா?"
பிறந்த அன்றே போட்டாச்சு, டாக்டர்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
என் கை தானாக இடது தோளுக்குப் போனது,
அங்கே முப்பத்தாறு வருஷத் தழும்பு,
காசளவு,
எதற்கும் நான் யோசித்துப் பார்த்திராத தழும்பு.

அம்மா கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள்
சில மாதம் வரும்.
அதற்குள் வேறு யாருடைய மஜ்ஜையாவது
வந்து சேரவேண்டும்.
இதை நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை,
சொல்வது மேல்மாடிக்காரர்கள் வேலை.

புது ரத்தம் கேட்டு வார்டுக்கு அழைத்தேன்.
தாதி சொன்னாள்:
"அக்கா, லேபிள் மாத்தணுமாம். பேர் வெச்சிட்டாங்க.
ஆதிவேந்தன்."

அப்பா பெயர் பாரத்தில் இருக்கிறது: ஆதித்தன்.
ஆதி அவருடையது.
வே, கனகவேணியிடமிருந்து.
ந்தன்
இரண்டு பேரிடமும் இல்லை.

சுழிக்குப் பக்கத்தில்
ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டுகிறேன்.
அச்சு எந்திரம் வழக்கம்போல் சிக்கிக்கொள்கிறது.
பேனா தேடுகிறேன்.